அண்ணாச்சி பதில்கள்: மலை சரிஞ்ச இடத்துல ஒரு ஊரு

கேள்வி: 2021 மழையில ஆயன்குளம் கிணத்துக்குள்ள வெள்ளத்த திருப்பிவிட்டும் அது நிரம்பவே இல்ல, அடியில சுண்ணாம்புப் பாறை குகை இருக்குன்னு சென்னை ஐஐடிக்காரங்க வந்து பாத்து சொன்னாங்க. இப்படிப்பட்ட பாறைய வச்சே பொழைக்கிற ஊரு வெளிநாட்டுல இருக்கா அண்ணாச்சி?
- வாசகர், திசையன்விளை

இருக்கு தம்பி. பிரான்ஸ் நாட்டுல தெக்குப் பக்கம், அவேரோன் மாவட்டத்துல ரோக்ஃபோர்னு ஒரு கிராமம், ஆயிரம் பேரு கூட கிடையாது. அதுக்குப் பக்கத்துல லார்சாக் பீடபூமி, பூராவும் சுண்ணாம்புப் பாறை, மழை பேஞ்சா உங்க ஆயன்குளம் கிணறு மாதிரி அப்படியே உள்ள இழுத்துக்கிடும், மேல ஓடை வாய்க்கால்னு ஒண்ணும் நிக்காது, அதனால அங்க காலங்காலமா செம்மறி ஆடுதான் பொழப்பு. ஆட்டுக்கு தண்ணி வேணுமே, அதுக்காக வட்டமா பள்ளம் எடுத்து, அடியில கல்லு பாவி, மழைத்தண்ணிய தேக்கிருக்காங்க. ஓரமெல்லாம் சரிவா இருக்கும், ஆடு நடந்தே எறங்கி குடிச்சிட்டு ஏறி வந்துரும்.

ஊரு இருக்கது கோம்பலூங்கிற குன்றோட சரிவுல. ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி குன்றோட விளிம்பு ஒடிஞ்சு சரிஞ்சு, ஒரு 2 கிலோமீட்டர் நீளத்துக்கு பாறையா குமிஞ்சு கெடக்கு. அந்தப் பாறைகளுக்கு நடுவுல வெடிப்பு வெடிப்பா சந்து, அது வழியா வருசம் பூரா குளுந்த ஈரக்காத்து வந்துக்கிட்டே இருக்கும், கோடையிலயும் 10 டிகிரி பக்கம்தான். ஊருக்காரங்க அந்த சந்து மேலயே கட்டடத்த கட்டி, கீழ பல அடுக்கா நெலவறை எடுத்து, அதுக்குள்ள ஊர்ப்பேருலயே ரோக்ஃபோர்னு சொல்லுற செம்மறி ஆட்டுப்பால் சீஸ பழுக்க வைக்காங்க. லகோன்னு ஒரு ஜாதி செம்மறியோட பச்சப்பால் மட்டும்தான், வேற பால் ஆகாது. அந்தக் காலத்துல ரைங்கிற, கோதுமை மாதிரி ஒரு தானியத்துல ரொட்டி சுட்டு, குகையில போட்டு, அதுல பூக்குற பூஞ்சைய எடுத்து சீஸுக்குள்ள சேப்பாங்க. உப்பு தேச்சு, ஊசியால அங்கங்க குத்தி ஓட்டை போடுதாங்க, அந்த ஓட்டை வழியா காத்து உள்ள போனாத்தான் நீலப்பூஞ்சை வெளையும். அத அறுத்து பாத்தா ஊசி போன தடம் நீலக்கோடா தெரியும். குறைஞ்சது 90 நாள் கழிச்சுதான் விக்கலாம்.

கேள்வி: எங்க பத்தமடை பாய்க்கு புவிசார் குறியீடு இருக்கு, ஆனாலும் பாய் முடையுத பொம்பளைக்கு கூலி ஏறல. அந்த ஊர்ல எப்படி சமாளிச்சாங்க அண்ணாச்சி?
- வாசகி, பத்தமடை

நல்ல கேள்வி கேட்டிய தாயி. அவங்க இத 600 வருசமா செய்தாங்க. 1411லயே ஆறாம் சார்லஸ் ராசா, இந்த ஊருக்காரங்கதான் இந்த சீஸ பழுக்க வைக்கலாம்னு உரிமை குடுத்துட்டாரு. 1666ல துலூஸ் நகரத்து நீதிமன்றம் போலிச் சரக்கு விக்கிறவங்களுக்கு எதிரா உத்தரவு போட்டுச்சு, 1925ல தனிச் சட்டமே வந்துச்சு, பிரான்ஸ்ல சட்டப்படி ஊர்ப்பேரு பாதுகாப்பு வாங்குன முதல் சீஸ் இதுதான். ஆனா எனக்கு இதெல்லாத்தையும் விட பெருசா படுறது 1930ல நடந்தது, பால் கறக்கவங்களும் நெலவறை வச்சிருக்க முதலாளிங்களும் ஒரே அமைப்பா சேந்தாங்க, எதிரெதிரா உக்காந்து பால் விலை பேச ஒரு இடம் கெடச்சுது. குறியீடுங்கிறது பேரத்தான் காப்பாத்தும் தாயி, கூலிய காப்பாத்தணும்னா கோரை அறுக்கவங்களும் பாய் முடையுதவங்களும் யாவாரியும் ஒரே திண்ணையில உக்காந்து பேசணும். அத பத்தமடையிலயும் செய்யலாம், செய்யணும்.

கேள்வி: அந்தப் பக்கத்துக்கும் நம்ம நாட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
- வாசகர், ராதாபுரம்

உண்டு, கேட்டா ஆச்சரியப்படுவிய. 1971ல பிரான்ஸ் அரசாங்கம் லார்சாக்ல இருந்த ராணுவ முகாம 3,000 ஹெக்டேர்ல இருந்து 17,000 ஹெக்டேரா ஆக்கப் போறோம்னு அறிவிச்சுட்டு. அது ரோக்ஃபோருக்கு பால் குடுக்குற மேய்ச்சல் நெலம். அப்போ லான்சா டெல் வாஸ்தோன்னு ஒருத்தர், இத்தாலியில பொறந்தவரு, 1937ல நம்ம காந்திகிட்ட வந்து தங்கி சாந்திதாஸ்னு பேரு வாங்கிட்டு போனவரு, 1972ல அங்க வந்து 15 நாள் உண்ணாவிரதம் இருந்தாரு. அத பாத்துத்தான் 103 விவசாயிங்க, நெலத்த விக்கமாட்டோம்னு ஒண்ணா சத்தியம் பண்ணுனாங்க. அந்த வருசமே ஆட்ட ஓட்டிட்டு போயி பாரிஸ்ல ஈஃபில் கோபுரத்துக்கு அடியில மேய விட்டாங்க. பத்து வருசம் அடிதடி இல்லாம நின்னாங்க, 1981ல மித்தரான் ஜனாதிபதியா வந்ததும் திட்டத்த கைவிட்டாரு. 1985ல அரசு வாங்கி வச்சிருந்த நெலத்த விவசாயிங்களோட அமைப்புக்கே நீண்ட குத்தகைக்கு விட்டுட்டாங்க. இந்த சங்கதிய நம்ம பிள்ளைங்களுக்கு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

கேள்வி: நாங்க சைவம். அந்த சீஸ சாப்பிடலாமா?
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

வேண்டாம்மா. பால உறைய வைக்க ஆட்டுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குற நொதிய சேக்காங்க. காய்ச்சாத பால்ல செய்யுறதால மாசமா இருக்கவங்களும் தொடக்கூடாது.