காரைவீட்டுப் படியும் அரை மணி நேர வானொலியும்

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். எங்கள் கல்லூரி நடத்தும் சமுதாய வானொலியில், மாற்றுத்திறனாளிகளுக்கென்று வாரம் அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். வாரம் ஒருவரை அழைத்துப் பேட்டி எடுக்கிறோம். அதையே காணொலியாக யூடியூபிலும் போடுகிறோம். நான்கு வாரம் ஆகிவிட்டது. கேட்டவர்கள் "கண்ணீர் வந்துவிட்டது" என்கிறார்கள், பண உதவி செய்கிறோம் என்று அழைக்கிறார்கள். ஆனால் போன வாரம் வந்த தம்பி, "அக்கா, இனிமே என்னைக் கூப்பிடாதீங்க. தெருவுல எல்லாரும் பாவமாப் பாக்குறாங்க" என்று சொல்லிவிட்டார். எங்கே தப்பு செய்கிறோம்?

பதில்: உங்கள் நான்கு வார உழைப்புக்கும் கிடைத்த நேர்மையான விமர்சனம் அந்தத் தம்பி சொன்னதுதான். கண்ணீர் விட்டவர்கள் நல்லவர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவர் அரை மணி நேரம் மனம் விட்டுப் பேசிய பிறகு ஊர் அவரை முன்பைவிடச் சின்னவராகப் பார்க்கிறது என்றால், நாம் கேட்ட கேள்விகளைத்தான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. "உங்களுக்கு இந்தப் பாதிப்பு எப்போது ஏற்பட்டது?" வானொலி நிகழ்ச்சி தயாரிக்க வந்த புதிதில் நானும் அப்படித்தான் ஆரம்பிப்பேன். ஒருமுறை கொட்டான் என்கிற ஓலைக் கூடை முடையும் ஓர் அம்மாவைப் பதிவு செய்யப் போயிருந்தேன். அவருக்குப் பார்வை மிகவும் குறைவு. கண்ணைப் பற்றிக் கேட்டேன். இரண்டு வரியில் சொல்லிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அடுத்து என்ன கேட்பதென்று தெரியவில்லை. பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய ஓலைக் கட்டு ஒன்று கிடந்தது. "இதை ஏன் நனைச்சு வெச்சிருக்கீங்க?" என்றேன்.

அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. காய்ந்த ஓலை மடிக்கும்போது விரிசல் விடும் என்று சொல்லி ஒன்றை ஒடித்துக் காட்டினார். ஈர ஓலையைக் கிழித்துக் காட்டினார். முதல் சத்தம் 'சடக்'கென்று விழுந்தது, மற்றது நீளமாக ஒரு மூச்சு போல வந்தது. கல்யாணச் சீருக்கு எந்த அளவுக் கொட்டான், பிளாஸ்டிக் கூடை வந்த பிறகு என்ன ஆயிற்று, பேரம் பேசுகிறவர்களை எப்படிச் சமாளிப்பது என்று பேச்சு நீண்டது. நடுவில் கண்ணைப் பற்றியும் அவராகவே சொன்னார். சாயம் போட்ட ஓலைகளை நிறம் பிரித்து வைக்க மகள் உதவுகிறாள், மற்றதெல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கண் விஷயம் அவர் வாழ்க்கையில் எந்த இடத்தில் இருக்கிறதோ, அந்த இடத்தில், அந்த அளவில் வந்தது.

ஆகவே என் யோசனை இது. மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய நிகழ்ச்சி என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஊரைப் பற்றிய நிகழ்ச்சியாக ஆக்கி, அதை மாற்றுத்திறனாளிகளை நடத்தச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்ட அந்தத் தம்பியையே கூப்பிடுங்கள். இந்த முறை கேள்வி கேட்கும் நாற்காலி அவருக்கு. அதற்கு ஊதியமும் போக்குவரத்துச் செலவும் கொடுங்கள். மற்ற அறிவிப்பாளர்களுக்குக் கொடுப்பதை அவருக்கு மட்டும் 'வாய்ப்பு' என்ற பெயரில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

என்ன கதை எடுப்பது என்று யோசிக்கிறீர்களா? செட்டிநாட்டிலேயே இருக்கிறது: படி. சுண்ணாம்புக் காரை பூசிய பழைய பெரிய வீடுகளான நம் காரைவீடுகள் தெருவிலிருந்து உயர்ந்து நிற்பவை. வாசலில் படி, ஏறினால் திண்ணை, அப்புறம் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று போகப் போக ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நிலைப்படி. பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குச் சக்கர நாற்காலியில் ஒருவர் வருகிறார். நான்கு பேர் ஓடிவந்து, "கவலைப்படாதீங்க, தூக்கிடலாம்" என்று நாற்காலியோடு தூக்குகிறார்கள். அன்பில்தான் தூக்குகிறார்கள். ஆனால் தூக்கப்படுகிறவருக்கு, நல்ல வேட்டி கட்டி வந்த அன்று, அத்தனை உறவுக்கும் நடுவில் அது எப்படி இருக்கும்? இறங்க வேண்டுமென்றால் மறுபடி நான்கு பேரைத் தேட வேண்டும். அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

இதை ஒரு முழு நிகழ்ச்சியாக எடுங்கள். தம்பி ஒரு கொத்தனாரைக் கேட்கட்டும், சாய்தளம் எவ்வளவு நீளம் வேண்டும் என்று. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பதுதான் விதி. மூன்றடி உயரத் திண்ணை என்றால் 36 அடி, நடுவில் நின்று திரும்ப இடமும் வேண்டும். கல்யாணத்தன்று அவசரத்துக்கு ஒரு பலகையைச் சாய்த்து வைப்பது ஏன் ஆபத்து என்பது அந்தக் கணக்கிலேயே விளங்கிவிடும். அப்புறம் வீட்டுக்காரரைக் கேட்கட்டும். பூர்விக வீட்டில் ஒரு கல்லைப் பெயர்க்கப் பத்துப் பங்காளி சம்மதிக்க வேண்டும் என்பார். அப்படியானால் கழற்றி வைக்கிற மாதிரி இரும்புச் சாய்தளம் சரிப்படுமா? ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகள் நம்முடையவை. பின்வாசல் தாழ்வாக இருந்தால் அந்த வழியாக வரலாமே என்று ஒருவர் சொல்வார். "விருந்தாளியைப் பின்வாசல் வழியாகவா அழைப்பீர்கள்?" என்று தம்பி கேட்பார். அங்கேதான் நிகழ்ச்சி சூடு பிடிக்கும். யாரும் அழப்போவதில்லை. மறுநாள் கோட்டையூரிலும் பள்ளத்தூரிலும் யாராவது தன் வீட்டு வாசலை ஒரு நிமிடம் நின்று பார்ப்பார்.

இப்படிச் செய்ய நிர்வாகம் சம்மதிக்குமா என்ற தயக்கம் வேண்டாம். 2004 பிப்ரவரி 1-ஆம் தேதி சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். தொடங்கிய காலத்தில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே சமுதாய வானொலி உரிமம் கிடைத்தது. 2006-இல் கொள்கையை விரிவாக்கியபோது நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்றும், நிலையத்தின் நிர்வாகம் அந்தச் சமூகத்தைப் பிரதிபலிக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தார்கள். 100 வாட் திறனில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எட்டும் ஒரு நிலையத்துக்கு இதைவிடப் பெரிய பலம் கிடையாது. சமூகத்தின் பிரதிநிதிகள் உட்காரும் குழுவில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். சொந்தமாகச் செய்தி வாசிக்க உங்களுக்கு அனுமதி இல்லைதான். ஆனால் வேலைவாய்ப்பு, தேர்வு, மின்தடை, குடிநீர், உள்ளூர்த் திருவிழா போன்ற தகவல்களைச் சொல்லத் தடையில்லை.

விருந்தினர் தேர்விலும் ஒரு கவனம் வேண்டும். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக விரித்தது. கற்றல் குறைபாடு, ஹீமோபிலியா, தலசீமியா, பார்கின்சன் நோய், மனநோய் எல்லாம் அதில் உண்டு. பார்த்தால் தெரியாத குறைபாட்டோடு பேருந்தில் நிற்க முடியாமல் நிற்கிறவர் கதையும் உங்களுக்கு வேண்டும். 2025-இல் உள்ளாட்சிச் சட்டங்களில் செய்த திருத்தத்தால் நம் மாநிலத்தில் மாற்றுத்திறனாளிகள் ஊராட்சி, நகர்ப்புற மன்றங்களில் நியமன உறுப்பினர்களாக உட்கார முடிகிறது. அப்படி ஒருவரை அழைத்தால் தெருவிளக்கையும் குடிநீரையும் பற்றிக் கேளுங்கள்.

சரி, தொழில்நுட்பத்துக்கு வருவோம். நிகழ்ச்சி யாருக்காகவோ, அவர்களால் கேட்கவும் பார்க்கவும் முடிகிறதா?

நம் வீடுகளின் வழவழப்பான சுவரும் ஆத்தங்குடிக் கல் தரையும் உயர்ந்த கூரையும் குரலை எதிரொலிக்கும். நமக்கு அது கம்பீரமாகத் தோன்றும். காது கேட்கும் கருவி போட்டிருப்பவருக்கோ சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி எதுவுமே விளங்காது. மெத்தை, பாய், துணி மூட்டை இருக்கிற சின்ன அறையாகப் பார்த்து, ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். வளவில் குருவிச் சத்தமோ மழை சொட்டும் சத்தமோ வேண்டுமானால் தனியாக ஒரு நிமிடம் எடுத்து, பேச்சு இல்லாத இடத்தில் சேருங்கள். பேச்சுக்குப் பின்னால் ஓடும் சோக இசையை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். அது கேட்பதையும் கெடுக்கிறது, பேசுகிறவரைப் பரிதாபத்துக்கு உரியவராகவும் ஆக்குகிறது.

காணொலியில் "திரையில் தெரியும் எண்ணுக்கு அழையுங்கள்" என்று சொல்கிறீர்களா? பார்வையற்றவர் அந்த எண்ணை எப்படித் தெரிந்துகொள்வார்? எண்ணை வாயால், நிதானமாக, இரண்டு தடவை சொல்லுங்கள். காது கேளாதவர்களுக்கு எழுத்து வரிகள் வேண்டும். இயந்திரம் எழுதித் தருவதை அப்படியே விட்டுவிடாமல் ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும். 'ஆச்சி', 'பட்டாலை', 'கொட்டான்' எல்லாம் அதன் கையில் என்னவாகும் என்று சொல்ல முடியாது. எழுத்து இருந்தால் சைகை மொழி எதற்கு என்று கேட்பார்கள். இந்தியச் சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. சிறு வயதிலிருந்தே அதில் வளர்ந்த பலருக்கு எழுதப்பட்ட தமிழ் இரண்டாவது மொழிதான். அறுபது வயதுக்கு மேல் காது மந்தமான அப்பத்தாவுக்கோ சைகை தெரியாது, எழுத்துதான் உதவும். அதனால் இரண்டும் வேண்டும். சைகை மொழிபெயர்ப்பாளரை மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒடுக்கிவிடாதீர்கள். முகமும் இரண்டு கையும் தெளிவாகத் தெரிய வேண்டும். தூர்தர்ஷன் 1987-இலேயே காது கேளாதோருக்கு வாராந்திரச் செய்தி தரத் தொடங்கியது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42-ஆவது பிரிவும் ஊடகங்கள் எல்லோருக்கும் எட்டும் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. இவ்வளவு காலம் கழித்தும் இதைக் கூடுதல் வேலையாக நினைத்தால் நியாயம் இல்லை.

காது கேளாத ஒருவரைப் பேட்டி எடுக்கும்போது, மொழிபெயர்ப்பவரைப் பார்த்து "அவர்கிட்ட கேளுங்க" என்று சொல்லாமல், அவரையே பார்த்துக் கேளுங்கள். மொழிபெயர்ப்பவரும் "அவர் சொல்றார்" என்று இழுக்காமல் "நான்" என்றே பேசட்டும். மூளை முடக்குவாதத்தால் நிதானமாகப் பேசுகிறவர் என்றால், இடைவெளிகளை வெட்டி ஓட்டாதீர்கள், அவர் குரலுக்கு மேல் இன்னொரு குரலையும் போடாதீர்கள். தேவைப்பட்டால் அவர் முடித்த பிறகு சாரத்தை ஒருமுறை திரும்பச் சொல்லலாம், அவர் சம்மதத்தோடு.

சொற்களிலும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். மாற்றுத்திறனாளி என்று சரியாகச் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே 'நொண்டிச் சாக்கு', 'குருட்டு நம்பிக்கை', 'செவிடன் காதில் ஊதின சங்கு' என்று நம் வாய் தானாகப் பேசிவிடும். தமிழில் வேறு சொல்லா இல்லை? 'சப்பைக்கட்டு' இருக்கிறது, 'விழலுக்கு இறைத்த நீர்' இருக்கிறது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு திரைப்பட வழக்கில் இதையெல்லாம் விரிவாகப் பேசியது. இழிவுபடுத்தும் சொற்களைத் தவிர்க்கச் சொன்னது. கேலிக்குரியவராகவும் காட்டாதே, அசாத்திய சக்தி படைத்தவராகவும் காட்டாதே என்றது. இரண்டாவது எச்சரிக்கை நம்மைப் போன்றவர்களுக்கு. "கால் இல்லாமலே சாதித்தார்" என்று நாம் பூரிக்கும்போது, சாதிக்காமல் நம்மைப் போல ஒரு வேலை, ஒரு வீடு என்று இருக்க நினைக்கிறவருக்கு நிகழ்ச்சியில் இடமில்லாமல் போகிறது.

கடைசியாக, பண உதவி என்று வரும் அழைப்புகள். கொடுக்க நினைப்பதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். கோயிலும் பள்ளிக்கூடமும் கல்லூரியும் கட்டிக் கொடுத்த மண் இது. ஆனால் விருந்தினரின் எண்ணை யாருக்கும் தரக் கூடாது. பதிவுக்கு முன்பே அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இப்படி அழைப்பு வந்தால் என்ன சொல்லட்டும்? வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அழைப்பவரிடம், "உங்கள் ஊர் நூலகத்துக்கும் கோயிலுக்கும் சக்கர நாற்காலி போக வழி இருக்கிறதா, பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். பத்தில் இரண்டு பேர் நிஜமாகவே போய்ப் பார்த்துவிட்டு மறுபடி அழைப்பார்கள். அவர்களுடைய குரலையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

தம்பியிடம் பேசப் போகும்போது, பழைய பதிவை யூடியூபிலிருந்து எடுத்துவிடட்டுமா என்று முதலில் கேளுங்கள். எடுக்கச் சொன்னால் அவர் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். அப்புறம் படிக் கதையைச் சொல்லி, அளக்கும் டேப்பை அவர் கையில் கொடுங்கள்.