அண்ணன் மீது வழக்கா, அம்மாவின் பென்ஷனா?

கேள்வி: எனக்கு 47 வயது. மூன்று வயதில் போலியோ வந்து இடது கால் செயலிழந்தது. திருமணம் ஆகவில்லை. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா 2009-இல் இறந்தார். அதன்பின் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்தது. எட்டு மாதத்துக்கு முன் அம்மாவும் 76 வயதில் போய்விட்டார். தையல் வேலை செய்து அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது நான். அண்ணன் ஒரு ரூபாய் தரவில்லை. இப்போது அப்பா கட்டிய வீட்டின் முன்பக்கக் கடைகள் இரண்டின் வாடகையையும் அவரே வாங்கிக்கொள்கிறார். மருத்துவக் குழு எனக்குக் குறைபாடு 60 சதவீதம்தான் என்று போட்டிருக்கிறது. முன்பு ஒரு டாக்டர் 75 என்றார். சதவீதத்தை எதிர்த்து மேல்முறையீடு, அண்ணன் மீது பாகப்பிரிவினை வழக்கு, அம்மாவின் பென்ஷனுக்கு விண்ணப்பம், இவற்றில் எதை முதலில் செய்வது? அண்ணனுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியாயிற்று.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் ஆறு பக்கம் இருக்கிறது. அதில் நான்கு பக்கம் அண்ணி சொன்ன வார்த்தை, நகை யாரிடம் இருக்கிறது, காரியத்துக்கு யார் செலவு செய்தார்கள் என்பவை. வலி புரிகிறது. ஆனால் ஓய்வூதியக் கோப்பில் அவற்றுக்கு இடமில்லை, ஒதுக்கிவிடுகிறேன்.

சதவீதத்தையும் ஒதுக்கிவிடுங்கள். 60 என்பது 75 ஆனாலும் உங்கள் பென்ஷன் ஒரு ரூபாய்கூட உயராது. சான்றிதழில் நீங்கள் பார்க்க வேண்டிய சொல் வேறு: நிரந்தரமா, தற்காலிகமா? நிரந்தரம் என்றால் ஒரே முறை கொடுத்தால் போதும். தற்காலிகம் என்றால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுச் சான்றிதழ் கேட்பார்கள். திருமணம் செய்துகொண்டால் பென்ஷன் நின்றுவிடும் என்று உங்களிடம் யாரோ சொன்னதும் தவறு. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு அந்தத் தடையை 2012-லேயே எடுத்துவிட்டது.

சட்டம் உங்களிடம் கேட்பது இரண்டுதான். மத்திய குடிமைப் பணிகள் ஓய்வூதிய விதிகள் 2021-இல் 50-ஆவது விதியின்படி, மாற்றுத்திறனாளி மகளுக்கு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஆனால் அந்தக் குறைபாடு அவரைப் பிழைப்புக்குச் சம்பாதிக்க முடியாதவராக ஆக்கியிருக்க வேண்டும். பெற்றோர் இருக்கும்போதே அது இருந்திருக்க வேண்டும். மூன்று வயதுப் போலியோவில் இரண்டாவதைப் பற்றிக் கவலையில்லை. பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ், அப்பா அலுவலகத்தில் கொடுத்த குடும்ப விவரப் படிவம், இவற்றில் கிடைப்பதை எடுத்து வையுங்கள்.

ஆபத்து முதலாவதில்தான் இருக்கிறது. அதை உண்டாக்கியிருப்பது உங்கள் அண்ணன் அல்ல, நீங்களே அனுப்பிய நோட்டீஸ். அதன் நான்காவது பத்தியில் இப்படி இருக்கிறது: “என் கட்சிக்காரர் தையல் தொழில் மூலம் போதிய வருமானம் ஈட்டி, தன்னையும் தன் தாயாரையும் யார் உதவியுமின்றிப் பராமரித்து வந்தார்.” அண்ணனுக்கு உறைக்க வேண்டும் என்று எழுதியது அது. ஓய்வூதிய அலுவலகத்தில் அதைப் படிப்பவருக்கு வேறு பொருள்: இந்த அம்மா சம்பாதிக்கிறார், விண்ணப்பத்தை நிராகரிக்கலாம்.

இது கற்பனைப் பயம் இல்லை. என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்குக் கோப்பு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, உத்தரவு வர வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில் அவர் தம்பி, பாகப்பிரிவினை வழக்கில் அவர் கொடுத்த மனுவின் (பிராது) பிரதியைப் பதிவுத் தபாலில் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். கோப்பைப் பார்க்க நான் போனபோது, ஏழாவது பத்தியில் “சுயமாகச் சம்பாதித்து” என்ற சொற்களுக்குக் கீழே பச்சை மையில் இரண்டு கோடு போட்டிருந்தது. பொய்யாக எதையும் அவர் எழுதவில்லை, பெருமையாக எழுதியிருந்தார். அதற்கு விளக்கம் சொல்லி முடிக்க மூன்று வருடம் ஆனது.

உங்கள் நிலைமை உண்மையில் என்ன? கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: “அம்மா பென்ஷன் ஒன்றாம் தேதி வந்தால்தான் வீட்டில் அரிசி.” இதுதான் உங்கள் வழக்கு. தையலில் மாதம் 7,000 ரூபாய்தான் கிடைக்கிறது என்றும், கால் வலி கூடினால் அதுவும் இல்லை என்றும் சொல்கிறீர்கள். இதை மறைக்க வேண்டாம், மறைக்கவும் கூடாது. தொகையோடு அப்படியே சொல்லுங்கள். 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் உத்தரவு உங்களுக்கு இடம் தருகிறது. குடும்ப ஓய்வூதியம் தவிர்த்த உங்கள் மொத்த வருமானம், அப்பா கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்கான அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகைக்குக் கீழே இருந்தால் போதும். அதைக் கணக்குப் போட்டுத் தேட வேண்டியதில்லை, அம்மாவின் பாஸ்புக்கில் கடைசியாக வரவான பென்ஷன்தான் ஏறக்குறைய அந்த வரம்பு. (80 வயது தாண்டியவர் என்றால் கூடுதல் பென்ஷனைக் கழிக்க வேண்டியிருக்கும், உங்கள் அம்மாவுக்கு அது இல்லை.) நீங்கள் அனுப்பிய பக்கத்தில் 21,500 ரூபாய் இருக்கிறது. 7,000 அதற்கு வெகு கீழே.

இப்போது பாகப்பிரிவினை வழக்குக்கு வாருங்கள். கடை வாடகை மொத்தம் 30,000. வீடு அப்பாவின் சுயார்ஜிதம், அதாவது அவரே சம்பாதித்த சொத்து, உயில் இல்லை, ஆளுக்குப் பாதி. வழக்கில் ஜெயிப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஜெயித்தால் மாதம் 15,000 வாடகை உங்கள் கைக்கு வரும். தையலையும் சேர்த்தால் 22,000. வரம்பு 21,500. ஐந்நூறு ரூபாய் வித்தியாசத்தில், உயிரோடு இருக்கும்வரை வரவேண்டிய பென்ஷனை இழப்பீர்கள். வருமானம் பற்றி ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் வாடகையை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டால், பின்னால் மொத்தப் பணத்தையும் திருப்பிக் கேட்பார்கள். இந்தக் கணக்கை உங்களுக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தவர் போட்டுக் காட்டியிருக்க வேண்டும்.

அதனால் நேராகச் சொல்கிறேன்: வழக்குப் போடாதீர்கள், அண்ணனோடு சமாதானமாகப் போங்கள். அவர் நல்லவர் என்பதற்காக இல்லை. வாரிசு விவரத்துக்கு அவருடைய ஒத்துழைப்பு வேண்டியிருக்கும். அவர் ஒரு புகார்க் கடிதம் எழுதினாலே உங்கள் கோப்பு படுத்துவிடும். நீங்கள் கேட்க வேண்டியது கடைகளை இல்லை, பின்பக்க வீட்டை. கடைகள் அவருக்கு, நீங்கள் குடியிருக்கும் வீடு முழுக்க உங்களுக்கு என்று பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம். குடியிருக்கும் வீட்டிலிருந்து உங்களுக்கு வருமானம் எதுவும் வரப்போவதில்லை, கூரையும் உறுதியாகும். கடைகளின் மதிப்பு அதிகம் என்பது தெரியும். வித்தியாசத்துக்குக் கொஞ்சம் பணம் கேளுங்கள், பெரிய தொகையாக வாங்கி டெபாசிட்டில் போட்டால் அதன் வட்டியும் வருமானக் கணக்கில் சேரும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஆனால் ஒன்று. “பென்ஷன் பேப்பரில் கையெழுத்துப் போடுகிறேன், நீ விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடு” என்று, அதாவது உங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதச் சொன்னால், பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். மாற்றுத்திறனாளித் தங்கைகளிடம் இப்படி வீட்டை வாங்கிக்கொண்டு, பிறகு கையெழுத்தும் போடாமல் விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நாள் கடந்ததால் மட்டும் உங்கள் பங்கு போய்விடாது. பென்ஷன் உத்தரவு கைக்கு வரும்வரை எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து வேண்டாம். பென்ஷன் அம்மா இறந்த மறுநாளிலிருந்தே கணக்காகும், தாமதத்தால் அரியர் குறையாது.

அப்புறம், கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. அம்மா இறந்த பிறகும் இரண்டு மாதப் பென்ஷன் கணக்கில் வரவாகி, அதை ஏ.டி.எம்.மில் எடுத்ததாகச் சொல்கிறீர்கள். எடுத்தது நீங்களா அண்ணனா என்று இப்போது சண்டை வேண்டாம். 43,000 ரூபாயையும் வங்கியில் திருப்பிக் கட்டி ரசீது வாங்குங்கள். இறப்புச் சான்றிதழையும் அன்றே கொடுத்துவிடுங்கள். உங்கள் விண்ணப்பம் அதற்குப் பிறகு போகட்டும்.

நோட்டீஸுக்கு அண்ணன் இன்னும் பதில் அனுப்பவில்லை என்கிறீர்கள். நல்லதாகப் போயிற்று. இந்த வாரமே உங்கள் வக்கீல் மூலம் இன்னொரு கடிதம் போகட்டும். நான்காவது பத்தியில் சொன்ன வருமானம் மாதம் 7,000 ரூபாய் அளவிலானது, குடும்பம் நடந்தது தாயாரின் ஓய்வூதியத்தில், பேசித் தீர்க்கத் தயார் என்று மூன்றே வரி. பழைய நோட்டீஸ், இந்தக் கடிதம் இரண்டின் பிரதியையும் தபால் ரசீதையும் பென்ஷன் விண்ணப்பத்தோடு நீங்களே இணைத்துக் கொடுங்கள். அந்த நோட்டீஸ் அலுவலகத்துக்கு முதலில் உங்கள் கையால் போய்ச் சேர வேண்டும், அண்ணன் கையால் அல்ல.