கணவர் செலவுக்குத் தராவிட்டால் வக்கீலுக்குக் காசில்லாமல் வழக்குப் போட முடியுமா?

சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வேலை, கணவர் விட்டுப் போய்விட்டார், பிள்ளைகள் செலவுக்குத் தருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கண்டிப்பாக முடியும் அக்கா. ஜீவனாம்சம் கேட்க விவாகரத்து வரை காத்திருக்கத் தேவையில்லை, அதற்கென்றே மலேசியாவில் 1950ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவுத் திருமணம் செய்யவில்லை என்றாலும்கூட பிள்ளைகளுக்கான செலவைக் கேட்கலாம். இது தெரியாமலே நம் தோட்டங்களில் எத்தனையோ பெண்கள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்கு ஆற்றாமை.

ஈப்போவில் ஜபாத்தான் பந்துவான் குவாமான் இருக்கிறது, அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகா. வருமானத்தைப் பார்த்துத்தான் வழக்கை எடுப்பார்கள். அதனால் ஐசி (அடையாள அட்டை), பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு எல்லாம் கையோடு கொண்டுபோங்கள். சீட்டு தொலைந்திருந்தால் தோட்ட ஆபீஸ் கிராணியிடம் (எழுத்தரிடம்) கேட்டு வாங்குங்கள். பள்ளிச் செலவு, மருந்துச் செலவு ரசீதுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மாதம் எவ்வளவு வேண்டும் என்று காட்ட அவைதான் உதவும்.

அங்கே சரிவராவிட்டால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் கேளுங்கள்.

அப்புறம், இது வேறு விஷயம், தோட்ட வேலையில் சம்பளப் பாக்கி என்றால் தொழிலாளர் இலாகாவுக்கு நேராகவே போகலாம், வக்கீல் தேவையில்லை. வேலையை விட்டு நீக்கினால் மட்டும் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுத்துவிடுங்கள்.