‘நான்தான் கொன்றேன்’ என்று ஒருவன் சொன்னால் போதுமா?

கேள்வி: சேர்வராயன் மலையில் எங்கள் ஊர். காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போன என் அக்கா 2011-இல் ஓடைப் பக்கம் கொலையாகிக் கிடந்தார். ஆள் கிடைக்கவில்லை என்று விட்டுவிட்டார்கள். இப்போது வேறு கொலைகளில் பிடிபட்ட ஒருவன் இதையும் தான்தான் செய்தேன் என்கிறானாம். அவன் காட்டிய இடத்தில் எடுத்ததாக ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசைக் காட்டினார்கள். அம்மா அழுதுகொண்டே ‘அவளுடையதுதான்’ என்று சொல்லிவிட்டார். ஆனால் சாவதற்கு இரண்டு வாரம் முன்பே அக்கா கொலுசைச் சேலத்தில் அடகு வைத்த சீட்டு எங்களிடம் இருக்கிறது. ‘கேஸ் முடிஞ்சுது, கையெழுத்துப் போடுங்க’ என்கிறார்கள். என்ன செய்வது? - பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முதலில், கையெழுத்துப் போடாதீர்கள். எழுதாத தாளில் நிச்சயமாக வேண்டாம். எழுதியிருந்தாலும், ஒரு நகல் கைக்கு வந்து, வீட்டில் உட்கார்ந்து ஒருவர் படித்துச் சொன்ன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியம் ஆகாது. 1872-ஆம் வருடச் சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் 23-ஆம் பிரிவு அதையே சொல்கிறது. பேப்பரில் ‘பரபரப்பு வாக்குமூலம்’ என்று வருவதற்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. நம் மாவட்டங்களில் இன்னொரு பழக்கம் உண்டு. கொலைகாரன் தானாகவே வி.ஏ.ஓ. முன் ஆஜராகி எல்லாவற்றையும் கொட்டிவிட்டதாக ஒரு காகிதம் வரும். முன்பின் தெரியாத கிராம அதிகாரியிடம் போய் ஏன் கொட்டினான் என்று எந்த நல்ல நீதிபதியும் கேட்பார்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. உங்கள் கொலுசு அதில்தான் வருகிறது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். காவலில் இருப்பவன் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த வார்த்தைகள் மட்டும் சாட்சியமாகும். ‘கொலுசை அந்தப் பாறை இடுக்கில் வைத்திருக்கிறேன்’ என்பது உள்ளே வரும். ‘அவளைக் கொன்றுவிட்டுக் கழற்றிய கொலுசு’ என்பது வராது. இதை 1940-களிலேயே, அன்று நமக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, பாறை இடுக்கில் ஒரு கொலுசு இருப்பது அவனுக்குத் தெரியும் என்பது வரைக்கும்தான் இது போகும். அது உங்கள் அக்காவுடையது என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். அங்கேதான் அம்மாவின் வார்த்தை தேவைப்பட்டிருக்கிறது. அதே மாதிரி நாலைந்து ஜோடியோடு கலந்து வைத்து ‘எது உங்கள் மகளுடையது?’ என்று கேட்டிருக்க வேண்டும். ஒற்றை ஜோடியை நீட்டினால் பெற்றவள் வேறு என்ன சொல்வாள்? அம்மாவைத் திட்டாதீர்கள்.

அடகுச் சீட்டுக்கு வருகிறேன். ‘இரண்டு வாரத்துக்குள் மீட்டிருப்பார்’ என்று போலீஸ் தரப்பு சொல்லும். மீட்டால் சீட்டைக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்வார். அசல் சீட்டு இன்னும் உங்கள் வீட்டில் இருக்கிறதென்றால் கொலுசு மீட்கப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். சீட்டில் எடை இருக்கும். கொலுசைக் கைப்பற்றியபோது சாட்சிகள் முன் எழுதிய பதிவான மகஜரிலும் எடை எழுதியிருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மாஜிஸ்திரேட்டிடம் ஒப்புக்கொண்டால் எல்லாம் முடிந்தது என்பார்கள். டெல்லி பக்கம் நொய்டாவில் குழந்தைகள் கொல்லப்பட்ட நிதாரி வழக்கை நினைத்துப் பாருங்கள். சுரேந்தர் கோலி சுமார் 60 நாள் போலீஸ் காவலுக்குப் பிறகு மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்தார். தூக்குத் தண்டனைகள் விழுந்தன. 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் 12 வழக்குகளில் அவரை விடுவித்தது. மிச்சமிருந்த கடைசி வழக்கிலும் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்தக் குழந்தைகளைக் கொன்றது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அமெரிக்காவில் ஹென்றி லீ லூக்காஸ் நூற்றுக்கணக்கான கொலைகளை ஒப்புக்கொண்டார். டெக்சாஸ் போலீஸ் கோப்புகளை மூடிக்கொண்டே போனது. 1979-இல் ஆரஞ்சு நிறக் காலுறையோடு கிடந்த ஒரு பெண்ணைக் கொன்றதற்காக அவருக்கு மரண தண்டனை. அந்த நாட்களில் அவர் ஃபுளோரிடாவில் கூரை வேலை பார்த்ததாக வேலைப் பதிவேடு இருந்தது. 1998-இல் தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. அந்தப் பெண்ணின் பெயரே 2019-இல்தான் தெரிந்தது.

நம் மலையில் அந்தப் பதிவேட்டுக்கு செக்ரோல் என்று பேர். 2011-இல் இந்த ஆள் எங்கே கூலி வாங்கினான், எந்த எஸ்டேட் செக்ரோலில் பேர் இருக்கிறது, ஏதாவது ஜெயிலில் இருந்தானா என்று யாராவது பார்த்தார்களா? பழைய கேஸ் ஒன்று ‘கண்டுபிடிக்கப்பட்டது’ கணக்கில் ஏறினால் போதும் என்று நினைக்கிற இடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள். முப்பது வருடமாக இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

இனி புரோக்கர்கள். அஸ்தம்பட்டியில் கோர்ட்டுக்கு வெளியே டீ குடிக்க நின்றாலே வந்து ஒட்டிக்கொள்வார்கள். ‘சிபிசிஐடிக்கு மாத்தித் தரேன், நாற்பதாயிரம் ஆகும்’ என்பான் ஒருவன். விசாரணையை மாற்றுவது டி.ஜி.பி.யும் உயர் நீதிமன்றமும். டீக்கடையில் அது நடக்காது. அவனைவிட மோசமானவன், ‘இவன்தான் கொலைகாரன்னு ஒத்துக்கிட்டாத்தான் நஷ்டஈடு வரும், பாதி எனக்கு’ என்று முத்திரைத்தாளோடு வருபவன். பச்சைப் பொய்! குற்றவாளி யாரென்றே தெரியாத வழக்கிலும் குடும்பம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நிவாரணம் கேட்கலாம். மனுவுக்குக் காசு கிடையாது. பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும். அம்மா பெயரில் மனுப் போடுங்கள்.

அந்த வக்கீல் மூலமாக எஃப்.ஐ.ஆர்., பிரேத விசாரணை அறிக்கை, போஸ்ட்மார்ட்டம் சான்று ஆகியவற்றுக்கு நகல் மனு கொடுங்கள். காயம் எங்கே, எதனால் என்று போஸ்ட்மார்ட்டம் சொல்வதும் அவன் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று அவர் பார்ப்பார். ஒத்துப்போனாலும், 2011-இல் பேப்பரில் வராத எதையாவது அவன் சொல்லியிருக்கிறானா என்பது அதைவிட முக்கியம். குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டாலும் கோர்ட் குற்றச்சாட்டை முறைப்படி பதிவு செய்யும் முன்பு, போலீஸ் மேலும் புலன் விசாரணை செய்ய வேண்டும் என்று கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு நழுவிவிடும்.

‘கொலைகாரனுக்குப் பரிந்து பேசுகிறாயா?’ என்று ஊரில் கேட்பார்கள். அவன் செய்யவில்லை என்றால் செய்தவன் 2011-இலிருந்து வெளியே நடமாடிக்கொண்டிருக்கிறான், ஒருவேளை உங்கள் மலையிலேயே. அவர்களிடம் அதைச் சொல்லுங்கள்.

சீட்டை இன்றைக்கே இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுங்கள், போனிலும் படம் பிடித்து வையுங்கள். விசாரணைக்கு வருபவர் கேட்டால் நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அசல் உங்கள் வக்கீல் கையால் கோர்ட்டுக்குப் போகட்டும்.