புது ப்ராசஸர் போட்ட பிறகு சிஸ்டம் கிராஷ் ஆகிறதா? கேள்வி பதில்

சாக்கெட்டில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது என்பதற்காக ஒரு ப்ராசஸர் அந்த போர்டில் ஒழுங்காக ஓடும் என்று சொல்ல முடியாது. பயாஸ் (ஆன் செய்ததும் போர்டை எழுப்பும் சின்ன மென்பொருள்), பவர், ரேம், கூலர் நாலும் ஒத்துழைக்க வேண்டும். எது முரண்டு பிடிக்கிறது என்பதை, சிஸ்டம் விழுகிற நேரமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எல்லோரிடமும் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஆன் செய்த உடனேயா, விண்டோஸ் வரும்போதா, கேம் ஓடும்போதா, சும்மா கிடக்கும்போதா?

கேள்வி: அண்ணா, ஏ320 போர்டில் ரைசன் 3 2200ஜி ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ரைசன் 5 5600 வாங்கிப் போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, டிஸ்ப்ளே மட்டும் வரவே இல்லை. ப்ராசஸர் டெட்டா?

அவ்வளவு சீக்கிரம் டெட் என்று முடிவு கட்டாதீர்கள் தம்பி. உங்கள் விஷயத்தில் இரண்டு காரணங்கள் இருக்கலாம், வெளியில் பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

முதல் காரணம் கிராபிக்ஸ். 2200ஜி-க்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தது, 5600-க்குள் கிடையாது. போர்டின் எச்டிஎம்ஐ-யில் கேபிளைச் சொருகிவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படம் வராது. தனி கிராபிக்ஸ் கார்டு போட்டு, கேபிளை அந்தக் கார்டில் சொருகிப் பாருங்கள். யாரிடமாவது ஒரு பழைய கார்டை இரவல் வாங்கினால்கூடப் போதும்.

இரண்டாவது பயாஸ். 2017-ல் வந்த ஏ320 போர்டுகளில் ரைசன் 5000 வரிசை ஓடும் என்று ஏஎம்டி அறிவித்ததே 2022-ல்தான். அதற்கு முந்தைய பயாஸுக்கு இந்த ப்ராசஸர் யாரென்றே தெரியாது.

கார்டு போட்ட பிறகும் இருட்டாகவே இருந்தால், ஒரு நிமிடம் கழித்து கீபோர்டில் 'நம் லாக்' (Num Lock) பட்டனை அழுத்துங்கள். லைட் அணைந்து எரிந்தால் போர்டு பூட் ஆகிவிட்டது, படம் வரும் வழியில்தான் கோளாறு. லைட் அசையாவிட்டால் பயாஸைச் சந்தேகப்படலாம். போர்டில் சிபியு, டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் என்று நான்கு குட்டி லைட்டுகள் இருந்தால் வேலை இன்னும் சுலபம். எதில் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல்.

பயாஸ் அப்டேட் செய்ய 2200ஜி-யைத் திரும்பப் போட வேண்டும். போர்டு கம்பெனியின் தளத்தில் சிபியு சப்போர்ட் லிஸ்ட்டைத் திறந்தால், ஒவ்வொரு ப்ராசஸருக்கும் எதிரே எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்று இருக்கும். போர்டின் பெயரோடு ரெவிஷன் எண்ணையும் பாருங்கள். போர்டின் ஓரத்தில் 'ரெவ் 1.0' மாதிரி பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். ஒரே பெயரில் வந்த 1.0-க்கும் 2.0-க்கும் பயாஸ் ஃபைல் வேறாக இருக்கலாம். பென்டிரைவை ஃபேட்32-ல் ஃபார்மட் செய்து, ஃபைலை ஜிப்பிலிருந்து பிரித்துப் போட்டு, பயாஸுக்குள் இருக்கும் ஃப்ளாஷ் வசதி மூலமே ஏற்றுங்கள். யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம், நடுவில் கரன்ட் போனால் போர்டு கட்டைதான். ரொம்பப் பழைய பயாஸ் என்றால் சில போர்டுகளில் இடையில் ஒரு பதிப்பை ஏற்றிவிட்டுத்தான் புதியதற்குப் போக முடியும். டவுன்லோட் பக்கத்தில் அதைக் குறிப்பாகப் போட்டிருப்பார்கள், படிக்காமல் தாண்டாதீர்கள்.

ப்ராசஸரைக் கழற்றும்போது ஓர் எச்சரிக்கை. உங்கள் போர்டின் ஏஎம்4 சாக்கெட்டில், ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் காய்ந்த பேஸ்ட் கோந்து மாதிரி பிடித்துக்கொள்ளும். கூலரை நேராக மேலே இழுத்தால் லிவர் பூட்டியிருக்கும்போதே ப்ராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும். அப்போது வளைவது 1331 பின்களில் ஏதோ ஒரு மூலை. பத்து நிமிடம் சிஸ்டத்தை ஓட்டிச் சூடாக்கி, பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகுங்கள். பிடி விட்டுவிட்டது என்று கையில் தெரிந்த பிறகு தூக்குங்கள்.

கேள்வி: ப்ரோ, பி450 போர்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). ரைசன் 5 3600-ஐ எடுத்துவிட்டு ரைசன் 7 5800எக்ஸ் போட்டேன். பயாஸ் லேட்டஸ்ட். பிரவுசிங், படம் எல்லாம் ஓகே. வீடியோ ரெண்டர் போட்டால் ஐந்து, பத்து நிமிடத்தில் பட்டென்று ரீஸ்டார்ட். ப்ளூ ஸ்கிரீன்கூட வருவதில்லை.

ப்ளூ ஸ்கிரீன் வராமல் பட்டென்று போனால், விண்டோஸுக்கு எழுதி வைக்க நேரமே கிடைக்கவில்லை என்று பொருள். லோடில் மட்டும் இப்படி நடந்தால் பவர் அல்லது சூடு என்றே தேடுங்கள்.

3600 என்பது 65 வாட் ப்ராசஸர், சாக்கெட்டிலிருந்து அதிகபட்சம் 88 வாட் இழுக்கும். 5800எக்ஸ் 105 வாட் வகை, அது 142 வாட் வரை இழுக்கும். 12 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 12 ஆம்பியர், விஆர்எம்-இல் (ப்ராசஸருக்கு வேண்டிய வோல்டேஜாக மாற்றித் தரும் போர்டின் பகுதி) வீணாவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். போர்டின் சிபியு பவர் சாக்கெட்டில் 4 பின் மட்டும் சொருகியிருந்தால் இவ்வளவும் இரண்டே 12 வோல்ட் ஒயரில் வர வேண்டும். 8 பின் இடமிருந்தால் எட்டையும் நிரப்புங்கள். கனெக்டரைக் கழற்றி அதன் வாயைப் பாருங்கள். பழுப்பேறியிருந்தாலோ பிளாஸ்டிக் இளகியிருந்தாலோ அதை இனி நம்ப முடியாது. கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னை மட்டும் அங்கே திணித்துவிடாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும்.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. பயாஸில் பிபிஓ (ப்ராசஸர் இழுக்கும் பவர், கரன்ட்டுக்கு உச்சவரம்பு வைக்கும் இடம்) பகுதிக்குப் போய் கைமுறையாக பிபிடி 88, டிடிசி 60, ஈடிசி 90 என்று வையுங்கள். ஈகோ மோட் 65 வாட் என்று இருந்தால் அதுவும் இதேதான். அதே ரெண்டரை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். நிலையாக ஓடினால் ப்ராசஸரில் குறை இல்லை, அதற்குச் சோறு போடும் இடத்தில்தான் குறை. வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்றால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். மலிவு போர்டில் என் சிபாரிசும் அதுதான்.

முழு பவர் வேண்டுமென்றால் சூடு, வேகம் எல்லாம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை ஓடவிட்டுப் பாருங்கள். ப்ராசஸர் 90 டிகிரியைத் தொட்டு நின்றால் கூலர் போதவில்லை. 5800எக்ஸ் பெட்டியில் கூலர் வராது. 3600-உடன் வந்த சின்ன கூலரையே மாட்டியிருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும். புதிதாக மாட்டும்போது அடியிலுள்ள பிளாஸ்டிக் ஷீட்டை உரித்தீர்களா என்றும் பாருங்கள். ப்ராசஸர் சூடு சாதாரணமாக இருந்து, வேகம் மட்டும் திடீரென்று 1 ஜிகாஹெர்ட்ஸுக்கும் கீழே விழுந்தால் விஆர்எம் கொதிக்கிறது. ஹீட்சிங்க் இல்லாத விஆர்எம் என்றால் அந்தப் பக்கம் காற்று அடிக்க ஒரு ஃபேன் வையுங்கள். சிஸ்டம் அடியோடு அணைந்து, பவர் கேபிளைக் கழற்றி மாட்டினால்தான் திரும்ப ஆன் ஆகிறது என்றால், எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள நிறுத்திக்கொண்டிருக்கிறது.

கேள்வி: எனக்கு நேர் தலைகீழ் அண்ணா. ரைசன் 5 5600, கேம் மூன்று மணி நேரம் ஆடினாலும் ஒன்றும் ஆகாது. சாப்பிட எழுந்து போய் வந்தால் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று இருக்கிறது.

41-ஐ வைத்துக் காரணம் தேடாதீர்கள். 'ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் ஆன் ஆனேன்' என்று விண்டோஸ் எழுந்த பிறகு எழுதும் குறிப்பு அது, அவ்வளவுதான். அதே நேரத்தை ஒட்டி 'டபிள்யூஎச்இஏ லாகர் 18' என்ற ஹார்டுவேர் கோளாறுக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஏபிஐசி ஐடி என்று ஓர் எண் இருக்கும். ஒவ்வொரு முறையும் அதே எண் வந்தால் குறிப்பிட்ட ஒரு கோர்தான் தடுமாறுகிறது.

சும்மா இருக்கும்போது ப்ராசஸர் தூங்கப் போகும், வோல்டேஜ் அடிமட்டத்துக்கு இறங்கும். இரண்டு இடத்தில் இடறலாம். கர்வ் ஆப்டிமைசரில் (கோர்களின் வோல்டேஜைக் குறைக்கும் பயாஸ் வசதி) மைனஸ் 30 என்று எங்கோ பார்த்து வைத்திருந்தால், லோடில் தாக்குப்பிடிக்கிற கோர்கூட ஐடிலில் விழும். அதை எடுத்துவிடுங்கள். பழைய ப்ராசஸருக்காக வோல்டேஜில் ஏதாவது செய்து வைத்திருந்தாலும் சிமோஸ் கிளியர் செய்து, பயாஸ் செட்டிங்ஸை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்: பவர் கேபிளைக் கழற்றி, சிஆர்2032 பேட்டரியை எடுத்து, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, பத்து நிமிடம் கழித்துப் பேட்டரியைப் போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோல்' என்பதை 'டிப்பிக்கல் கரன்ட் ஐடில்' என்று மாற்றுங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்கள் சில, ரைசன் இழுக்கும் மிகக் குறைந்த கரன்ட்டில் நிலைகொள்ளாது. அங்கே இது ஒன்றே போதும்.

கேள்வி: வணக்கம் சார். எச்110 போர்டில் ஐ3 6100 இருக்கிறது. ஐ5 8400-ம் 1151 சாக்கெட்தானே? செகண்ட் ஹேண்டில் வருகிறது, வாங்கலாமா?

வேண்டாம் சார். எண் ஒன்றாக இருந்தாலும் 8-ஆம், 9-ஆம் தலைமுறைக்குப் பின்களின் வேலைப் பங்கீட்டையே இன்டெல் மாற்றிவிட்டது. அதற்கு 300 வரிசை சிப்செட் உள்ள போர்டு வேண்டும். எச்110-ல் 7-ஆம் தலைமுறை வரை போகலாம். ஐ7 7700 போட்டாலும் பயாஸை முதலில் ஏற்றிவிட்டுத்தான் போட வேண்டும்.

இதே வலை வேறு இடங்களிலும் உண்டு. எச்61 போர்டில் 3-ஆம் தலைமுறை ஓட புது பயாஸ் வேண்டும். 1200 சாக்கெட்டில் எச்410, பி460 இரண்டும் 10-ஆம் தலைமுறையோடு நின்றுவிடும், 11 ஏற்காது.

கேள்வி: ப்ராசஸர் மாற்றிய நாளிலிருந்து 16 ஜிபி ரேமில் 8 ஜிபிதான் காட்டுகிறது அண்ணா. அடிக்கடி மெமரி மேனேஜ்மென்ட் ப்ளூ ஸ்கிரீன். ரேம் போய்விட்டதா?

ரேமை வாங்க ஓடாதீர்கள். மெமரி கண்ட்ரோலர் ப்ராசஸருக்குள்தான் இருக்கிறது. ஒரு ஸ்டிக்கை மட்டும் எடுத்து ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள், பிறகு அடுத்த ஸ்டிக்கை அதேபோல். எந்த ஸ்டிக் போட்டாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட் மட்டும் செத்துக் கிடந்தால், கோளாறு சாக்கெட் பக்கம்.

இன்டெல் சாக்கெட் என்றால் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பின்களின் நுனி வரிசையாக ஒரே மாதிரி மினுங்கும். வளைந்த பின் மட்டும் வேறு திசையில் மினுங்கும் அல்லது அந்த இடம் ஓட்டை விழுந்தாற்போல் இருண்டிருக்கும். ஏஎம்4 என்றால் ப்ராசஸரைக் கண் மட்டத்துக்குத் தூக்கி வரிசை வரிசையாகப் பாருங்கள். உள்ளே குச்சி இல்லாத மெக்கானிக்கல் பென்சில் நுனியைப் பின்னில் செருகி, மெல்ல நிமிர்த்தலாம். ஒரே முறையில் நேராக்கப் பார்த்தால் ஒடிந்துவிடும்.

பின்கள் நன்றாக இருந்தால் கூலர் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் இறுகியிருந்தாலும் ரேமுக்கான பாதைகளில் (சேனல்) ஒன்று காணாமல் போகலாம். நான்கையும் தளர்த்தி, குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

16-உம் திரும்ப வந்த பிறகும் கிராஷ் இருந்தால் எக்ஸ்எம்பி-யை (ரேமை அதிக வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்) அணைத்துவிட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ நான்கு பாஸ் ஓட்டுங்கள். ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான்.

கேள்வி: ப்ரோ, 12-ஆம் தலைமுறை ஐ5-லிருந்து ஐ9 14900கே-வுக்கு மாறினேன். சில கேம்களில் 'அவுட் ஆஃப் வீடியோ மெமரி' என்று கிராஷ். கார்டில் 16 ஜிபி இருக்கிறதே?

அந்த வாசகத்தைப் பார்த்து கிராபிக்ஸ் கார்டைக் குறை சொல்லாதீர்கள். 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறி, சிப் நாளடைவில் தேய்ந்துபோகும் பிரச்சினை இருந்ததை இன்டெல்லே 2024-ல் ஒப்புக்கொண்டது. அதன் அடையாளங்களில் இதுவும் ஒன்று. ஆகஸ்ட், செப்டம்பர் 2024-ல் அதற்கான மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) திருத்தங்கள் வந்தன. அவை அடங்கிய புது பயாஸை இன்றே ஏற்றி, 'இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்' புரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பிறகும் கிராஷ் வந்தால் சிப் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. பயாஸ் இனி தேய்வதைத் தடுக்கும், தேய்ந்ததைத் திருப்பித் தராது. பெட்டியில் வந்த ப்ராசஸர்களுக்கு இன்டெல் வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்திருக்கிறது, மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: ஆபீசிலிருந்து கழித்த பிசிக்களின் ரைசன் ப்ரோ ப்ராசஸர் மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா சார்?

எந்த போர்டிலிருந்து கழற்றியது என்று கேட்காமல் வாங்காதீர்கள். பிராண்டட் போர்டு சிலவற்றில் ஒருமுறை பூட் ஆனாலே ரைசன் ப்ரோ ப்ராசஸர் அந்த நிறுவனத்தின் போர்டுகளோடு நிரந்தரமாகப் பூட்டப்பட்டுவிடும். வேறு போர்டில் உயிரே வராது, பயாஸ் ஏற்றியும் பயனில்லை. உங்கள் கண் முன்னால் சாதாரண போர்டில் ஓட்டிக் காட்டினால் மட்டும் பணம் கொடுங்கள்.

கேள்வி: புது ப்ராசஸர் போட்டதும் கறுப்புத் திரையில் எஃப்டிபிஎம் பற்றி ஏதோ கேட்டு ஒய் (Y) அல்லது என் (N) அழுத்தச் சொல்கிறது. எதை அழுத்த வேண்டும் அண்ணா?

இப்போதைக்கு இரண்டையும் அழுத்தாதீர்கள் தம்பி. எஃப்டிபிஎம் என்பது ப்ராசஸருக்குள் பாதுகாப்பு கீகளை வைத்திருக்கும் பகுதி, ஒய் அழுத்தினால் அது ரீசெட் ஆகும். டிரைவில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் பூட்டு) போட்டிருந்தால், அடுத்த பூட்டில் விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அந்த கீ கையில் இருக்கிறதா என்று மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் போனிலிருந்தே பாருங்கள். இருந்தால், அல்லது பிட்லாக்கரே இல்லையென்றால், தைரியமாக ஒய். இல்லையென்றால் சிஸ்டத்தை அணைத்து, பழைய ப்ராசஸரைப் போட்டு விண்டோஸுக்குள் போய், பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்து, கீயைத் தாளில் எழுதிக்கொண்டு பிறகு மாற்றுங்கள்.