வாத்தியாரைக் கேளுங்கள்: நான்கு பெற்றோருக்கு ஓர் எலி

கேள்வி: ஐயா, எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்த என் மகள், டாக்டர் படிப்பு வேண்டாம், குருத்தணு (ஸ்டெம் செல், அதாவது பல வகை உயிரணுக்களாக மாறவல்ல மூல உயிரணு) ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கருவை ஆராய்வதற்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்? எலியைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் காலம் தள்ள முடியுமா?
– ஒரு தாய், பெஸ்தாரி ஜெயா

பதில்: தள்ளிக் காட்டிய பெண்மணி இருக்கிறாரே அம்மா! பியாட்ரிஸ் மின்ட்ஸ், 1921இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1960இல் பிலடெல்பியாவின் புற்றுநோய் ஆய்வு நிலையம் ஒன்றில் சேர்ந்தார். 2022இல், நூறு வயதில் மறைந்தார். அவரும் டாக்டருக்குப் படித்தவர் அல்லர். நீரிலும் நிலத்திலும் வாழும் உயிரினங்களை ஆராய்ந்து முனைவரானவர்.

கறுப்பு எலியின் கரு ஒன்று, வெள்ளை எலியின் கரு ஒன்று. இரண்டின் மேலுறையையும் கரைத்து, கண்ணாடித் தட்டில் அருகருகே வைத்தார். ஒட்டிக்கொண்டு ஒரே கருவாகிவிட்டன. அதை மூன்றாவது எலியின் கருப்பையில் வைத்தார். பிறந்த குட்டியின் முதுகெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை! ஒவ்வொரு பட்டையும் கருவிலிருந்த ஏதோ ஓர் உயிரணுவின் வம்சம் என்று கணக்குப் போட்டார்.

புற்றுநோய் இங்கேதான் வருகிறது. எலிக்கு வரும் ஒருவகைக் கட்டியை அறுத்தால் உள்ளே முடி, தசை, குருத்தெலும்பு எல்லாம் தாறுமாறாகக் கிடக்கும். தடம் மாறிய கரு என்றே சொல்லலாம். எட்டு ஆண்டுகள் எலிக்கு எலி மாற்றிக் காப்பாற்றிவந்த அத்தகைய கட்டியின் அணுக்களை, 1975இல் மின்ட்ஸும் கார்ல் இல்மென்சியும் இளங்கருவுக்குள் செலுத்தினார்கள். பிறந்தவை நல்ல எலிகள். கட்டியின் வம்சம் தோலிலும் இரத்தத்திலும் ஒழுங்காக வேலை பார்த்தது.

எல்லாப் புற்றும் இப்படிப் பணிந்துவிடாது. இதைச் சொல்லி யாராவது குருத்தணு மாத்திரை விற்க வந்தால் வாசலோடு அனுப்புங்கள்.

மரபணு மாறாமலேயே வளர்ச்சி தடம் மாறுவது தோட்டத்து ஆட்களுக்குப் புரியாத சங்கதி இல்லை. திசு வளர்ப்பில் வந்த செம்பனைகளில் சில, பழத்தைச் சுற்றிக் கூடுதல் மடல்களோடு காய்த்ததைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பிழிந்தால் எண்ணெய் பேருக்குத்தான். தாய்மரத்தின் மரபணுதான், ஆனால் அதன்மேல் இருந்த ஒரு வேதிக்குறி (மரபணு எப்படி வேலை செய்யவேண்டும் என்பதை மாற்றும் அடையாளம்) அழிந்திருந்தது. 2015இல் மலேசியச் செம்பனை வாரிய ஆய்வாளர்கள் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்த மரபணுத் துண்டின் பெயரைக் கேட்டால் சிரிப்பீர்கள்: 'கர்மா'!

மகளை அனுப்புங்கள். அதற்குமுன் ஒன்று மட்டும் கேட்டுவிடுங்கள்: எலிக்கூண்டின் வாடை அவளுக்கு ஒத்துக்கொள்ளுமா?