பல்கலைக்கழக ஐ.டி.: அடுத்த பத்து ஆண்டுக்கான கேள்வி பதில்

தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களின் கேம்பஸ் நெட்வொர்க், மின்சாரம், சர்வர், லாகின் ஆகியவற்றுக்குப் பதில் தருகிறேன். எந்த லேப்டாப் வாங்கலாம் என்று கேட்காதீர்கள்.

கே (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): அக்கா, பத்து வருஷத் திட்டம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே தொடங்குவது?

ஆயுள் நீண்டதிலிருந்து. கட்டடங்களுக்கு இடையே போகும் ஃபைபர் இருபது ஆண்டு தாண்டியும் உழைக்கும். சுவருக்குள் போகும் கேட்-6ஏ கேபிளுக்குப் பதினைந்து, கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்கு ஏழெட்டு, வைஃபை ஆக்சஸ் பாயிண்டுக்கு ஐந்தாறு. மென்பொருளை மூன்று ஆண்டுக்கு மேல் ஊகித்து எழுதுவது ஜோசியம். பெரும்பாலான திட்டங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: முதல் நாற்பது பக்கம் செயலிகள், கடைசி அரைப் பக்கம் கேபிள்.

ஃபைபர் சிங்கிள்மோடாகவே (நெடுந்தூரம் போகும் வகை) இருக்கட்டும். எட்டு கோர் (உள்ளே போகும் இழை) போதும் என்று தோன்றினால் 24 போடுங்கள். பணம் போவது பள்ளம் தோண்டுவதில்தான், கோரில் அல்ல. முக்கியக் கட்டடம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாதை வேண்டும், அவை ஒரே பள்ளத்தில் போகக் கூடாது. 2022 ஏப்ரல் வெள்ளம் டர்பனில் சாலைகளையும் பாலங்களையும் பெயர்த்துப்போனது. ஒரே சரிவில் இரண்டு பாதை இருந்தால் மண் சரியும்போது இரண்டும் சேர்ந்தே போகும்.

கே (ஃபீனிக்ஸ்): லோட் ஷெடிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) அடங்கிவிட்டதே. பேட்டரிச் செலவை வெட்டலாமா?

2024 மார்ச் இறுதியிலிருந்து நீண்ட ஓய்வு கிடைத்தது, 2025 தொடக்கத்தில் மறுபடி வந்தது. அது வராவிட்டாலும் கேபிள் திருட்டும் துணைமின்நிலையக் கோளாறும் இருக்கின்றன. வெட்டாதீர்கள், அளந்து வாங்குங்கள்.

ஒரு தளத்தில் 20 ஆக்சஸ் பாயிண்ட், தலா 15 வாட் என்றால் 300 வாட். சுவிட்ச் தனக்கே 80 எடுக்கும். மொத்தம் 380. இரண்டு மணி நேர வெட்டுக்கு அரை மணி உபரி சேர்த்தால் 950 வாட்-மணி. இன்வெர்ட்டர் இழப்பு பத்து சதவீதம், பேட்டரியில் எண்பது சதவீதம்தான் பயன்படுத்துவோம். ஆக ஏறக்குறைய 1,320 வாட்-மணி. 51.2 வோல்ட், 50 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 2,560 இருக்கிறது. சார்ஜ் ஏற நேரமில்லாமல் அடுத்தடுத்து இரண்டு வெட்டு வந்தாலும் ஏறக்குறைய தாங்கும்.

மலிவு என்று ஈய அமில பேட்டரி வாங்காதீர்கள். கடைசி இருபது சதவீதம் சார்ஜ் ஏறப் பல மணி நேரம் பிடிக்கும். ஒரு நாளில் இரண்டு மூன்று வெட்டு வந்தால் அது முழுசாக நிறையவே நிறையாது. தகட்டில் சல்பேட் இறுகி ஓராண்டில் செத்துப்போகும். அறை வெப்பம் 25 டிகிரிக்கு மேல் போனால் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும். பிப்ரவரியில் மூடிய அலமாரிக்குள் எவ்வளவு சூடு என்று தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

கே (சாட்ஸ்வர்த்): 300 இருக்கை வகுப்பறைக்கு எத்தனை ஆக்சஸ் பாயிண்ட்?

தலைக்கு ஒன்றரை கருவி, அதாவது 450. ஒரு ஆக்சஸ் பாயிண்டுக்கு அறுபது கருவி என்றால் எட்டு. 5 கிகாஹெர்ட்ஸில் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 80 வைத்தால் பக்கத்து ஆக்சஸ் பாயிண்டுகள் ஒன்றோடொன்று மோதும். எட்டில் ஐந்திலாவது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவை அணைத்துவிடுங்கள்.

கே (ஜோகன்னஸ்பர்க்): கடல்காற்றில் சர்வர் ரூம் நடத்துவதே வீண். எல்லாவற்றையும் கிளவுடுக்கு அனுப்பிவிடலாமே?

எல்லாம் என்று யார் சொன்னாலும் சந்தேகப்படுங்கள். பதிவுக் காலத்திலும் தேர்வு முடிவு நாளிலும் பத்து மடங்கு கூட்டம் வரும் தளம் கிளவுடுக்கு ஏற்றது. ஆண்டு முழுவதும் அசையாமல் கிடக்கும் 200 டெராபைட் ஆராய்ச்சித் தரவு ஏற்றதல்ல. கட்டணம் டாலரில் ஏறும், மானியம் ராண்டில் வரும்.

ஒப்பந்தத்தில் வெளியேறும் வழி எழுதப்படாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்: எந்த வடிவத்தில், எத்தனை நாளில், யார் செலவில் தரவு திரும்பி வரும்?

கே (அதே நண்பர்): அக்கா, நீங்கள் பழைய காலத்தில் இருக்கிறீர்கள். மைக்ரோசாஃப்டின் அஸூர் கிளவுட் 2019 முதலும், அமேசானின் ஏடபிள்யூஎஸ் 2020 முதலும் நம் நாட்டிலேயே இருக்கின்றன. தூரம் எங்கே?

தூரத்தைப் பற்றி நான் பேசவே இல்லை, கணக்கைப் பற்றிப் பேசினேன். 100 டெராபைட்டை 1 கிகாபிட் இணைப்பில் வெளியே எடுக்க, நிற்காமல் ஓடினால் ஒன்பது நாளுக்கு மேல். நடைமுறையில் இரண்டு வாரம். 10 கிகாபிட் இருந்தால் ஒரு நாள் சொச்சம். ஆகவே சான்ரென் (நாட்டின் ஆராய்ச்சி நெட்வொர்க்) இணைப்பின் வேகத்தைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

உள்நாட்டுக் கிளவுட் என்பதாலும் முழு நிம்மதி இல்லை. 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் அருகே வாக்ஸ், சாட்-3, ஏஸ், மெயின்ஒன் நான்கு கடலடி இணையக் கேபிள்களும் பழுதடைந்தன. தரவு ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தும் லாகினோ லைசென்ஸ் சரிபார்ப்போ வெளிநாட்டில் நடந்தால் வாசல் பூட்டிய வீடுதான். விற்பவரிடம் இதை எழுத்தில் கேளுங்கள்.

கே (டோங்காட்): குறுக்கிடுகிறேன். மாணவர் விவரத்தை வெளிநாட்டு சர்வரில் வைத்தால் போப்பியா (தனிநபர் தகவல் பாதுகாப்பு) சட்டம் தடுக்கிறதா?

நேராகத் தடுக்கவில்லை. பிரிவு 72 நிபந்தனை விதிக்கிறது: பெறுபவரைக் கட்டுப்படுத்தும் சட்டமோ ஒப்பந்தமோ போதிய பாதுகாப்புத் தர வேண்டும், அல்லது சம்மதம் போன்ற வேறு காரணம் வேண்டும். வழக்கறிஞரிடம் காட்டுங்கள். மறுபடியும் அதே வெளியேறும் விதி. தரவு அழிக்கப்பட்டதற்குச் சான்றும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

கே (ஜோகன்னஸ்பர்க் நண்பர் மீண்டும்): ஆக உங்கள் முடிவு கிளவுட் வேண்டாம் என்பதா?

இல்லை, ஐயா. மேலே உங்கள் முதல் கேள்விக்குத் தந்த பதிலைப் படியுங்கள்.

கே (வெருலம்): எங்கள் எடுரோம் (பல்கலைக்கழகங்களின் பொது வைஃபை) ஒவ்வொரு ஆண்டும் ஒரு நாள் எல்லாப் போனிலும் அறுகிறது. ஏன்?

லாகினைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரின் சான்றிதழ் மாறிய நாளாக இருக்கும். இதற்கென்று பத்தாண்டுக்கு மேல் செல்லும் சொந்த மூலச் சான்றிதழ் (சர்வர் சான்றிதழுக்கு அடிப்படையானது) உருவாக்கி, கெட்எடுரோம் செயலி வழியே அதைப் போனில் நிறுவச் சொல்லுங்கள். அதன்பின் சர்வர் சான்றிதழை ஆண்டுதோறும் மாற்றினாலும் போன் முறைக்காது. "சரிபார்க்க வேண்டாம்" என்று அமைத்துக் கொடுக்கும் உதவி மையத்தை நிறுத்துங்கள். எடுரோம் என்று பெயர் வைத்த போலி வைஃபை ஒன்று போதும், கடவுச்சொற்கள் போய்விடும்.

கே (ஸ்டாங்கர்): லோட் ஷெடிங்குக்கு எவ்வளவு பேட்டரி வேண்டும்?

மேலே இருக்கிறது.

கே (லேடிஸ்மித்): லேபில் விண்டோஸ் 10 கணினி 120. தூக்கி எறிவதா?

இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இருந்து, இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பின்னோ என்றால் விண்டோஸ் 11 போடலாம். மற்றவற்றில் எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏற்றினால் உலாவி வேலைக்கு இன்னும் மூன்று ஆண்டு ஓடும். ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்காக மாற்றுங்கள். ஒரே ஆண்டில் 120 வாங்கினால் ஐந்து ஆண்டு கழித்து 120-ம் ஒன்றாகக் கிழடாகும்.

கே (ஃபீனிக்ஸ்): அக்கா, மாணவருக்கு எந்த லேப்டாப்...

அடுத்தவர்.

கே (சாட்ஸ்வர்த்): பேக்கப் எல்லாம் பச்சை டிக் காட்டுகிறது. போதுமா?

போதாது. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று கேம்பஸுக்கு வெளியே. அதில் ஒன்று நெட்வொர்க்கோடு தொடர்பே இல்லாமல். காலாண்டுக்கு ஒருமுறை மாணவர் தரவுத்தளத்தைக் காலி சர்வரில் மீட்டு, எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். வெளியே இருக்கும் பிரதி கிளவுடில் என்றால், என்ன கேட்பேன் என்று தெரியும்தானே: ஒப்பந்தத்தை எடுத்து வெளியேறும் விதி எந்தப் பக்கத்தில் என்று பாருங்கள்.